தீவுக்குப் போகிறவர்கள் எடுத்துவர வேண்டியவை

பாறசாலையில் எனக்கு ஒரு சிறிய டிராவல்ஸ் கடை உண்டு. ரயில் டிக்கெட், விமான டிக்கெட், சபைக்காரர்களின் வேளாங்கண்ணி, ஊட்டி, மைசூர். வருடத்துக்கு ஒரு முறை லட்சத்தீவுக்கு ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போவேன். போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு தாள் கொடுப்பது வழக்கம். ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் தமிழ். மேலே 'தீவுக்குப் போகிறவர்கள் எடுத்துவர வேண்டியவை' என்று இருக்கும். கீழே லேசான பருத்தித் துணிகள், நீச்சல் உடை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வெயிலுக்குப் பூசும் கிரீம், ரப்பர் செருப்பு, வாசிக்க ஒரு புத்தகம். இன்டர்நெட்டில் எங்கோ பார்த்து எழுதியது. அதுவரை அந்தத் தாளை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. முழுதாக வாசித்த ஒரே ஆள் தையல் டீச்சர்தான்.

கொடுத்த மறுநாள் காலை, நான் கடையின் ஷட்டரைத் தூக்கும்போது வாசலில் நின்றார். கையில் தாள். இரண்டு பக்கமும் சிவப்பு மையால் திருத்தியிருந்தார்.

"மக்கா, இது நீ எழுதினதா?"

"ஆமா டீச்சரே."

"நீச்சல் உடுப்புன்னு போட்டிருக்கியே, அது ஆருக்கு?"

"நீந்துறவங்களுக்கு."

"நீந்தத் தெரிஞ்சவன் எதை உடுத்தாலும் நீந்துவான். தெரியாதவன் இதை உடுத்திட்டு எறங்கினா முங்கித்தான் போவான். பின்ன இது என்னத்துக்கு?"

அவர் விரலைக் கீழே நகர்த்தினார்.

"வயித்துக்கு ஒண்ணும் எழுதல்லியே. நடுக்கடல்ல வச்சு வயறு எளகினா உனக்க ஆளுவ தொப்பியத் திம்பாவளா?"

தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். எடுத்துப் பார்த்தேன். மூலையில் வட்டம் போட்டுப் பத்துக்கு மூன்று என்று மதிப்பெண் கொடுத்து, தேதியோடு கையெழுத்தும் போட்டிருந்தார்.

டீச்சரின் வீடு கொல்லயில் என்கிற எங்கள் ஊரில், என் வீட்டிலிருந்து மூன்றாவது. நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான, உயரம் குறைந்த உருவம். சேலை மடிப்பில் எப்போதும் மூன்று பின் குத்தியிருப்பார். ஒன்று மடிப்புக்கு, ஒன்று அந்தப் பின் கழன்றால் போட, மூன்றாவது யாராவது கேட்டால் கொடுக்க. அவரோடு தங்கச்சியும் இருந்தார், தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். நாங்களெல்லாம் சின்னம்மா என்று கூப்பிடுவோம். இருவரும் கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்கும் தைரியம் எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் இருந்ததில்லை.

டீச்சரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும். வரப்போகிற கேட்டை எதிர்பார்த்து, அதற்கு வேண்டியதைக் கையிலேயே வைத்திருப்பவர் அவர். பழைய ஒரு காக்கித் துணிப்பை, அவரே தைத்தது, உள்ளே பதினோரு அறை. நெய்யாற்றின்கரைக்கு பஸ்ஸில் போய் மீன் வாங்கி வருவதானாலும் அந்தப் பை தோளில் தொங்கும். உள்ளே மெழுகுவர்த்தி, சர்க்கரைப் பொட்டலம், விசில், சணல் கயிறு, ஊசி நூல் எல்லாம் உண்டு. இதெல்லாம் எதற்கு டீச்சரே என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"இருந்தா அது சும்மா இருக்கும். இல்லேன்னா நாம சும்மா இருக்க முடியாது."

ஒரு முறை சபையில் எல்லோரும் கன்வென்ஷனுக்குப் போய் ஒரு லாட்ஜில் தங்கினோம். பெண்கள் தங்கிய அறையில் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மற்றவர்கள் ஒருத்தர் குளிக்க ஒருத்தர் காவல் நின்றார்கள். டீச்சர் பையிலிருந்து ஒரு புதுத் தாழ்ப்பாளும் நான்கு திருகாணியும் சிறிய திருப்புளியும் எடுத்தார். பத்து நிமிடத்தில் மாட்டிவிட்டார். மூன்று நாள் எல்லோரும் நிம்மதியாகக் குளித்தார்கள். கிளம்புகிற காலையில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது, டீச்சரை மட்டும் காணோம். நான் மேலே ஓடினேன். அவர் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"விட்டுட்டு வாங்க டீச்சரே, பொறத்தால வாறவங்களுக்கு ஆவட்டு."

"பொறத்தால வாறவன் வேற தாப்பா கொண்டு வரணும். கொண்டு வராதவன் குளிக்காண்டாம்."

இன்னொரு முறை ஞாயிறு ஆராதனையில் போதகர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது டீச்சர் எழுந்து குடையை விரித்து, மறுபடி உட்கார்ந்துகொண்டார். வெளியே சுள்ளென்று வெயில். போதகர் பேச்சை நிறுத்திவிட்டார். டீச்சர் மேலே விரல் காட்டினார். அவர் தலைக்கு நேரே ஓடு ஒன்று விலகியிருந்தது. "மழை வந்த பொறவு குடைய விரிச்சா அது குடையா ஐயா?" என்றார். அன்று மழை வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. டீச்சர் இரண்டு வாரமும் குடைக்குக் கீழே உட்கார்ந்து பிரசங்கம் கேட்டார். மூன்றாவது வாரம் சபைக் கமிட்டிக்காரர்களே ஏணி வைத்து ஏறி ஓட்டைச் சரிசெய்தார்கள்.

இப்படிப்பட்டவர் தீவுக்கு வர ஒப்புக்கொண்டது தன் ஆசையால் அல்ல. சின்னம்மாவுக்குப் புற்றுநோய் வந்து, திருவனந்தபுரத்தில் இரண்டு வருடம் வைத்தியம் பார்த்தார்கள். டீச்சர்தான் கூடவே நின்றார். ஆஸ்பத்திரிக்குச் சொந்தக் கட்டில் விரிப்பு, சொந்த வாளி, சொந்த பல்பு. கடைசியில் டாக்டர் நோய் போய்விட்டது, இனி ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டினால் போதும் என்று சொல்லி அனுப்பிவைத்தார். சின்னம்மாவுக்கு முடி திரும்ப முளைத்தது. முன்பு நேராக இருந்த முடி சுருட்டையாக முளைத்தது. அவருக்கு அதில் பெரிய பெருமை.

முடி சீவுகிற அளவுக்கு வளர்ந்ததும் சின்னம்மா சொன்னார், எனக்கு ஒரு தீவு பார்க்கணும் என்று.

"கடல் வேணுமெங்கி பொழியூருக்குப் போ. ஆட்டோவில போய்ட்டு மத்தியான ஊணுக்கு வீட்டுக்கு வரலாம்," என்றார் டீச்சர்.

"பொழியூர்ல கடல் ஒரு பக்கந்தான் உண்டு."

"ஒரு பக்கம் போராதா? அந்த ஒரு பக்கமே வருசத்துக்கு நாலு வீட்டைக் கொண்டு போவுது."

"எனக்கு நாலு பக்கமும் வேணும். நடுக்க நான் நிக்கணும்."

இந்த வாதம் என் முன்னால்தான் நடந்தது. மூன்றாம் நாள் டீச்சர் வந்து இரண்டு பேர் பெயரையும் எழுதிக் கொடுத்தார்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் சாமான்களைப் பார்க்கப் போனேன். எல்லோர் வீட்டுக்கும் போக மாட்டேன், டீச்சர் வீட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்று தோன்றியது. நடு அறையில் ஒரு பெட்டி கிடந்தது. கல்ஃபில் இருக்கும் உறவுக்காரர் யாரோ கொடுத்தது, படுத்தால் ஓர் ஆள் படுக்கலாம். சின்னம்மா நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார். அவர் மடியில் ஒரு சின்னக் கைப்பை.

"எனக்க சாமானம் இது. ஒரு சீப்பு, ஒரு கண்ணாடி. பாக்கியெல்லாம் இவளுக்க இஷ்டம்."

பெட்டியைத் திறந்தேன். இரண்டு பேருடைய துணிக்கும் நடுவில் பத்து கிலோ புழுங்கல் அரிசி. மிளகாய்ப்பொடி, மஞ்சள்பொடி. தசமூலாரிஷ்டம் இரண்டு பாட்டில். அந்தத் தாழ்ப்பாள். ஒரு மூலையில் நான்கு தேங்காயும் ஒரு துருவியும்.

"டீச்சரே, லட்சத்தீவுல தேங்கா உண்டு. தேங்காயத் தவிர அங்க வேற ஒண்ணும் இல்ல."

"உண்டா இருக்கும். நல்லதா?"

"நல்ல தேங்கா."

"நீ ஒடச்சுப் பாத்தியா?"

இரண்டு தேங்காயை வெளியே எடுக்க ஒத்துக்கொண்டார். அரிசியில் பாதியைக் குறைத்தேன். அடியில் ஒரு பொட்டலம் தெரிந்தது. கெட்டியான பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் இன்னொரு உறை, வாயை இஸ்திரிப் பெட்டியால் உருக்கி ஒட்டியிருந்தது. நான் கையை நீட்டியதும் டீச்சர் அதன்மேல் தன் கையை வைத்தார்.

"அதில தொடாத."

"என்ன டீச்சரே அது?"

"வேண்டியது."

கொச்சியிலிருந்து கப்பல். பதினான்கு பேர் கொண்ட எங்கள் கூட்டம் முழுவதும் வாந்தி எடுத்தது, டீச்சர் தவிர. அவர் ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, யார் யார் எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

பெரிய கப்பல் தீவின் கரை வரை போகாது. கொஞ்ச தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், சிறிய போட்டுகள் பக்கத்தில் வரும், கப்பலின் பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்க வேண்டும். ஆட்களைக் கையைப் பிடித்துக் கைமாற்றுவார்கள். பைகளை வீசுவார்கள், கீழே பிடிப்பார்கள். டீச்சரின் பெட்டியை வீச முடியவில்லை. இரண்டு பேர் தூக்கி, ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஆட்டினார்கள். மூன்று சொல்லும்போது அலை போட்டை ஒரு முழம் தள்ளிக்கொண்டு போனது. பெட்டி நேராகக் கடலுக்குள் இறங்கியது.

எல்லோரும் கத்தினோம். டீச்சர் கத்தவில்லை. "கயிறு கெட்டியிருக்கு. கொக்கி போட்டு எடுங்க," என்றார். சொன்னபடியே பெட்டியைச் சுற்றி நைலான் கயிறு இருந்தது. கொக்கி போட்டு இழுத்தார்கள். நான்கு பேர் சேர்ந்து இழுத்தும் முக்கால் மணி நேரம் ஆனது. தண்ணீர் குடித்த அரிசியின் கனம்.

தங்கும் குடிலுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தபோதுதான் முழு விபரீதமும் தெரிந்தது. அரிஷ்டப் பாட்டில் இரண்டும் உடைந்திருந்தன. மஞ்சள்பொடிப் பொதி பிரிந்திருந்தது. உப்புத்தண்ணீர், அரிஷ்டம், மஞ்சள், மிளகாய் எல்லாம் சேர்ந்து ஒரு குழம்பாகி, இரண்டு பேரின் சேலைகள், ரவிக்கைகள், உள்பாவாடைகள் அத்தனையிலும் ஏறியிருந்தது. மற்ற பன்னிரண்டு பேரின் லேசான பைகளும் ஒரு சொட்டு நனையாமல் வரிசையாக இருந்தன. மற்றவர்கள் துணி கொடுக்க முன்வந்தார்கள். எங்கள் சபைப் பெண்கள் நல்ல வாட்டசாட்டமானவர்கள். அவர்களின் ரவிக்கையில் டீச்சரையும் சின்னம்மாவையும் சேர்த்துப் போட்டாலும் இடம் மிஞ்சும்.

டீச்சர் பையிலிருந்து சணல் கயிற்றை எடுத்தார். நானும் அவரும் இரண்டு தென்னைகளுக்கு நடுவில் கொடி கட்டிக்கொண்டிருந்தோம். சின்னம்மா உள்ளே பெட்டியைக் காலிசெய்துகொண்டிருந்தார். பிறகு அவர் வாசலுக்கு வந்தார். கையில் அந்தப் பொட்டலம், கத்தரியால் வெட்டித் திறந்திருந்தார். அது மட்டும் நனையவில்லை.

"அக்கா, இது என்னது?"

டீச்சர் திரும்பிப் பார்த்தார். கயிற்றை விடவில்லை.

"துணி."

"என்ன துணி?"

"வெள்ளத் துணி."

சின்னம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் படிமேல் வைத்தார். வெள்ளைச் சேலை, வெள்ளை ரவிக்கை, வெள்ளைக் கையுறை, வெள்ளைக் காலுறை. கொஞ்சம் பஞ்சு. தாடையைக் கட்டுவதற்கு ஒரு நாடா, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதற்கு ஒரு நாடா. எங்கள் சபையில் சவப்பெட்டியில் வைக்கும்போது பெண்களுக்கு உடுத்துகிற முழு உடுப்பு. இரண்டு கட்டு இருந்தது. ஒன்றின்மேல் டீச்சரின் அழகான கையெழுத்தில் 'நான்' என்றும், மற்றதின்மேல் 'தங்கச்சி' என்றும் துண்டுத்தாள் குத்தியிருந்தது. பின்னால் ஒரு பின் கூடுதலாகக் குத்தியிருந்தது.

எனக்கு அங்கே நிற்பதா போவதா என்று தெரியவில்லை. கையில் கயிற்றின் ஒரு முனை இருந்தது. விட்டால் கொடி மணலில் விழும்.

"எனக்க நோவு மாறிப்போச்சுன்னு டாக்டர் சொல்லியாச்சு. நீ கேக்கல்லியா?"

"கேட்டேன்."

"பின்ன?"

"இந்தத் தீவுல நம்ம சபை இல்லடி. கல்லறத் தோட்டம் இல்ல. கப்பல் வேணுமெங்கி ரெண்டு நாள் ஆவும். ஒண்ணு ஆனா உன்ன ஆருக்கவாவது வேட்டியில பொதிஞ்சு கொண்டு போவ எனக்கு மனசு வராது. இருந்தா அது சும்மா..."

"சும்மா இருக்கல்ல அக்கா." சின்னம்மாவின் குரல் உயரவில்லை. "ரெண்டு வருசமா நீ எனக்குக் கஞ்சி தரும்போ உனக்க மொகத்துல இது இருந்துது. முடி மொளச்சப்போ எல்லாரும் சந்தோசப்பட்டாவ, நீ மட்டும் எந்த அளவு ரவிக்க ஆவும்னு பாத்துட்டு இருந்த. இல்லியா?"

டீச்சர் தன் முனையில் போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டார். ஒரு முறை போட்ட முடிச்சை அவர் அவிழ்த்ததை நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

சின்னம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. சவ உடுப்பை முழுதாக உடுத்தியிருந்தார். கையுறை, காலுறை எல்லாம். ரவிக்கை அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. சுருட்டை முடியை நன்றாகச் சீவி நடுவகிடு எடுத்திருந்தார். தாடை நாடாவை என்ன செய்வதென்று தெரியாமல் முடியில் ரிப்பனாகக் கட்டியிருந்தார்.

"கர்த்தாவே! எட்டி, அது உசிரோட உடுக்கப்பிடாது!"

"வேற ஒண்ணும் இல்ல உடுக்கதுக்கு. நான் கடல் பாக்க வந்தேன், பாக்கப் போறேன்."

காலுறையோடு மணலில் இறங்கி நடந்து போனார்.

டீச்சர் அரைமணி நேரம் ஈரச் சேலையோடு கொடிக்குப் பக்கத்தில் நின்றார். பெட்டியை இழுத்தபோது போட்டில் ஏறியிருந்த தண்ணீரில் அவரும் நனைந்திருந்தார். இரண்டு தடவை தும்மினார். மூன்றாவது தும்மலில், ஈரத்தோடு நின்றால் காய்ச்சல் வரும் என்கிற அவருடைய சொந்தச் சட்டமே அவரைத் தோற்கடித்தது. 'நான்' என்று எழுதிய கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது கையில் குடையும் இருந்தது.

அதற்குப் பிந்தைய இரண்டு நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பயமும் வரும், சிரிப்பும் வரும். கறை ஏறிய துணிகளை எத்தனை தடவை அலசியும் காரமும் வாடையும் போகவில்லை. அதனால் இரண்டு சகோதரிகளும் அந்த வெள்ளை உடுப்பிலேயே தீவைச் சுற்றினார்கள். இருவருக்கும் பேச்சில்லை. சின்னம்மா முன்னால் போவார். டீச்சர் ஓரடி பின்னால். நிழல் தங்கச்சிமேல் விழ வேண்டும் என்று குடையை முன்னுக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் நடப்பார். சின்னம்மா வேகமாகப் போனால் டீச்சரும் வேகம். சின்னம்மா நின்றால் டீச்சரும் நிற்பார். வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர், அதன் ஓரமாக இரண்டு சவ உடுப்புகள் நடந்து போகும்.

முதல் நாள் சாயங்காலம் எங்கள் கூட்டத்தில் வந்திருந்த சபை உபதேசியாரின் மனைவி தென்னைகளுக்கு நடுவில் அவர்களைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த இளநீரைப் போட்டுவிட்டு, முழங்காலில் விழுந்து ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். அவருக்கு அந்த உடுப்பு என்னவென்று தெரியும். தெரியாதவர்கள் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள். வடநாட்டிலிருந்து தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி, இவர்களை ஏதோ மடத்துப் பெண்துறவிகள் என்று நினைத்து வந்து டீச்சரின் காலைத் தொட்டார்கள். டீச்சருக்கு அவர்கள் பேசியது புரியவில்லை. ஆனால் ஆசீர்வாதம் கேட்கிறார்கள் என்பது புரிந்தது. கையுறை போட்ட கையை இரண்டு பேர் தலையிலும் வைத்து, மலையாளத்தில் கால்மணி நேரம் ஜெபித்தார். கடல் விபத்து, சாலை விபத்து, பிரசவச் சிக்கல், மஞ்சள்காமாலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காக்கும்படி வேண்டினார். முடித்துவிட்டு அந்தப் பெண்ணின் முந்தானையில் ஒரு பின் குத்திவிட்டார். அவர்கள் நெகிழ்ந்துபோய் அவரோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் ஏதோ ஒரு வீட்டின் சுவரில் இன்றும் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

மூன்றாம் நாள் காலை, கப்பலேற வேண்டிய நாள். சின்னம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அங்கே அலை கிடையாது, கடல் குளம்போலக் கிடக்கும். சேலை சுற்றிலும் மிதந்தது. டீச்சர் கரையில் குடையோடு. நான் நேரமாயிற்று என்று சொல்ல வந்தவன், கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டேன்.

டீச்சர் தொண்டையைக் கனைத்தார்.

"எட்டி."

சின்னம்மா திரும்பவில்லை.

"அப்பம், உனக்கு எந்த நெறம் வேணும்?"

சின்னம்மா திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இருந்ததா, அழுகை இருந்ததா என்று வெயிலில் எனக்குத் தெரியவில்லை.

"பச்ச. கிளிப்பச்ச. சரிக வேணும்."

"சரிகயா?"

"கையகலத்துக்கு வேணும்."

டீச்சர் யோசித்தார். அவருடைய அறுபத்தொன்பது வயதில் ஒரு சவத்துக்குச் சரிகை என்பதை யோசிக்க வேண்டிய தேவை வந்ததில்லை.

"செரி," என்றார். காலுறையைக் கழற்றி, மடித்து, பையில் வைத்துவிட்டு, குடையை விரித்தபடியே தண்ணீருக்குள் இறங்கித் தங்கச்சி பக்கத்தில் போய் நின்றார். கப்பல் எங்களுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. கப்பல்காரர் என்னைப் பார்த்துச் சொன்னதை எழுத முடியாது.

டீச்சர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். மருந்துச் சீட்டு, ஆஸ்பத்திரிக் காகிதங்கள், சபைக்குச் சொல்ல வேண்டிய ஆட்களின் பட்டியல் எல்லாம் தங்கச்சியின் பெயரில் ஒரு உறையில் தயாராக இருந்தன. தனக்கென்று அப்படி ஒரு உறை அவர் போட்டு வைக்கவில்லை. தங்கச்சிதான் முந்துவாள் என்று கணக்குப் போட்டிருந்தார். சின்னம்மா இன்றும் கொல்லயிலில் இருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருவனந்தபுரம் போய்க் காட்டிவிட்டு, பஸ்ஸில் தனியாகத் திரும்பி வருகிறார். தோளில் அந்தக் காக்கிப் பை. உள்ளே சீப்பும் கண்ணாடியும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

டீச்சரை நினைக்கும்போதெல்லாம் தீவைவிட, தீவிலிருந்து வந்த அடுத்த வாரம் நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் நடந்ததுதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். அன்று என் காரில்தான் அவர்களைக் கூட்டிப் போனேன். கடைக்காரர் நடுவயதுக்காரர், சுறுசுறுப்பானவர். பச்சையில் இருபது சேலை விரித்துப் போட்டார். சின்னம்மா ஒன்றைத் தொட்டார். நல்ல கிளிப்பச்சை, கையகலச் சரிகை. கண்ணாடியின் முன்னால் போய் தோளில் போட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார். முப்பது வயது குறைந்தவர் போல இருந்தார்.

டீச்சர் சேலையின் ஒரு முனையைக் கசக்கி, முகர்ந்து, நகத்தால் சுரண்டினார்.

"சாயம் போவுமா?"

"ஏய், போவாது அம்மா. நூறு அலக்கு அலக்கினாலும் இப்படியே நிக்கும்."

"அலக்குறது ஒண்ணும் இல்ல. மண்ணுல கெடந்தா?"

"மண்ணுலயா?" கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையிலிருந்த மின்விசிறியைப் பார்த்தேன். "பயப்படாண்டாம் அம்மா. அம்மைக்க ஆயுசு முழுக்க நிக்கும்."

"அது போராது," என்றார் சின்னம்மா கண்ணாடியிலிருந்து திரும்பாமலே. "அதுக்குப் பொறவும் நிக்கணும்."

கடைக்காரர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். "என்ன விசேசம் அம்மா? வீட்டுல கல்யாணமா?"

"கல்யாணம் இல்ல," என்றார் சின்னம்மா. "ஒரு யாத்திர உண்டு."

"நல்லதாக்கும். எப்பம் போறிய?"

"அது இன்னும் தெரியாது. டிக்கெட்டு வெயிட்டிங் லிஸ்டுல கெடக்கு."

"அதுக்கு வெசனப்படாண்டாம் அம்மா," என்றார் கடைக்காரர் மிகுந்த கனிவோடு. "அதெல்லாம் கன்ஃபார்ம் ஆயிரும்."

டீச்சரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிப்பு. முதலில் தோள் குலுங்கியது, பிறகு மொத்த ஆளும் குலுங்கினார். துணிக் கட்டுகளின்மேல் கையை ஊன்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வடிந்தது. இத்தனை வருடத்தில் அவர் பல் எனக்கு அன்றுதான் தெரிந்தது. சின்னம்மாவும் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடையிலிருந்த பெண்பிள்ளை பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துவந்தது.

"நான் வல்லதும் தப்பாச் சொல்லிப்போட்டனா?" என்று கடைக்காரர் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

"இல்ல அண்ணே, செரியாத்தான் சொன்னிய."

டீச்சர் ஒருவழியாக அடங்கி, முகத்தைத் துடைத்து, எழுந்து நின்று, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டார். மூன்று பின்னும் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்தார்.

"இதே நெறத்துல இன்னொண்ணு எடும்," என்றார் கடைக்காரரிடம்.

சின்னம்மாவின் சிரிப்பு நின்றது. "அது ஆருக்கு அக்கா?"

"எனக்கு." டீச்சர் அவர் முகத்தைப் பார்க்காமல் சேலையை மடித்துக்கொண்டிருந்தார். "ஒரே பெட்டியில ரெண்டு நெறம் கெடந்தா சாயம் ஏறும்."